சென்னையின் பிரித்தானிய மரபுச் சரக்குந்துகள்

சென்னையின் பிரித்தானிய மரபுச் சரக்குந்துகள் என்பன, ஐக்கிய இராச்சியத்தில் வடிவமைக்கப்பட்டு, இந்திய விடுதலைக்குப் பின்னர் சென்னையின் புறநகர்த் தொழிற்சாலைகளில் உற்பத்தி செய்யப்பட்ட சரக்குந்துகளைக் (லாரிகளைக்) குறிக்கும். இவற்றுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, நகருக்கு வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட் நிறுவனம் தயாரித்த கோமெட் ஆகும். மற்றொன்று, நகருக்குத் தெற்கே தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா நிறுவனம் தயாரித்த ஸ்டாண்டர்டு 20 என்னும் சிறு சரக்குந்து ஆகும்.

இவ்வகைச் சரக்குந்துகளின் முன்னோடிகளைப் பிரித்தானியாவில் வாங்கி ஓட்டிய தொழில்களுள் மாவு ஆலைத் தொழில் குறிப்பிடத்தக்கது. அங்கு மாவு ஆலைகளின் பழைய சரக்குந்துகள் பல இன்று அருங்காட்சியகங்களிலும் ஆர்வலர்களின் கொட்டகைகளிலும் ஓடும் நிலையில் பேணப்படுகின்றன. சென்னையில் உருவான சரக்குந்துகளோ பெரும்பாலும் தேயும் வரை உழைத்துப் பின்னர் பழைய இரும்பாக விற்கப்பட்டன. ஒரே மரபில் வந்த ஊர்திகளுக்கு இரு நாடுகளிலும் நேர்ந்த இந்த வேறுபட்ட முடிவுக்கு, அவை பயன்படுத்தப்பட்ட முறையும் சட்டமும் காரணங்களாக உள்ளன.

பெயர் வழக்கு

சரக்கு ஏற்றும் பெரிய தானுந்து தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் லாரி எனப்படுகிறது. எழுத்து வழக்கில் சரக்குந்து, சுமையுந்து ஆகிய சொற்கள் பயன்படுகின்றன. இலங்கைத் தமிழில் பாரவூர்தி, லொறி என்னும் சொற்கள் வழங்குகின்றன. லாரி என்பது பிரித்தானிய ஆங்கிலச் சொல் ஆகும். அமெரிக்கர்கள் இதனை டிரக் என்பர்.

சிறு சரக்குந்துகளுக்குத் தமிழ்நாட்டில் அந்தந்தக் காலத்தில் மிகுதியாக ஓடிய ஊர்தியின் பெயரே பொதுப் பெயராக நிலைப்பது உண்டு. பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் மெட்டடோர் இவ்வாறு பொதுப் பெயர் ஆனது. 2005-ஆம் ஆண்டு வெளிவந்த டாட்டா ஏஸ் மக்கள் வழக்கில் குட்டியானை என்று அழைக்கப்படுகிறது.

பிரித்தானிய மாவு ஆலைகள்

1870-கள் வரை பிரித்தானியாவில் கோதுமை பெரும்பாலும் காற்றாலைகளிலும் நீராலைகளிலும் கல் கொண்டு அரைக்கப்பட்டது. பின்னர் உருளை அரைவை முறை பரவியது. இம்முறையில் எஃகு உருளைகளுக்கு இடையே கோதுமை படிப்படியாக உடைக்கப்பட்டு, தவிடும் முளையும் நீக்கப்பட்டு வெண்மாவு பெறப்படுகிறது. மான்செஸ்டரைச் சேர்ந்த பொறியாளர் ஹென்றி சைமன் 1878-இல் மெக்டூகல் சகோதரர்களின் ஆலையில் உருளை அரைவைப் பொறிகளை நிறுவினார்.

இந்த மாற்றம் ஆலைகளின் இருப்பிடத்தையும் மாற்றியது. வட அமெரிக்கா, உருசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்த கோதுமையை இறக்கும் இடத்திலேயே அரைப்பது மலிவாக இருந்தது. 1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டதும் இந்தியக் கோதுமை பிரித்தானியச் சந்தையை எளிதில் அடைந்தது. இலண்டன், லிவர்பூல், ஹல், கார்டிப் ஆகிய துறைமுகங்களில் பெரிய ஆலைகள் எழுந்தன. ஜோசப் ரேங்க் 1875-இல் ஹல் நகரில் ஒரு காற்றாலையைக் குத்தகைக்கு எடுத்துத் தொழிலைத் தொடங்கியவர். ஸ்பில்லர்ஸ், ஹோவிஸ் ஆகியனவும் இத்துறையில் புகழ்பெற்ற நிறுவனங்கள் ஆகும்.

சிற்றூர் ஆலைகள் அருகிலிருந்த ஊர்களுக்கு மட்டும் மாவு கொடுத்தன. துறைமுக ஆலைகளோ ஒரு மாவட்டம் முழுவதற்கும் மாவு அனுப்ப வேண்டியிருந்தது. நெடுந்தொலைவுக்குத் தொடர்வண்டியும் கால்வாய்ப் படகும் உதவின. ஆனால் ஆலையிலிருந்து ரொட்டிக் கடை வரையிலான இடைத் தொலைவைக் குதிரை வண்டிகளே கடக்க வேண்டியிருந்தது. பிரித்தானிய மாவு வணிகத்தில் ஒரு மூட்டை என்பது 280 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 127 கிலோகிராம் ஆகும். எட்டு மூட்டைகள் சரியாக ஒரு பிரித்தானிய டன் ஆகும். இத்தகைய சுமையை நாள்தோறும் பல கடைகளுக்குக் கொண்டு செல்லும் தேவையே மாவு ஆலைகளை எந்திர ஊர்தியை நாடச் செய்தது.

நீராவிச் சரக்குந்துகள்

1896-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பிரித்தானியச் சாலைகளில் மூன்று டன்னுக்குக் குறைந்த எடையுள்ள எந்திர ஊர்திகள் மீதான கடுமையான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதே ஆண்டில் லங்காசயர் மாவட்டத்தின் லேலண்ட் என்னும் ஊரில் லங்காசயர் நீராவி மோட்டார் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜேம்ஸ் சம்னர், ஹென்றி ஸ்பரியர் ஆகியோர் இதன் முன்னோடிகள் ஆவர். 1907-இல் இந்நிறுவனம் தன் ஊர்ப் பெயரையே கொண்டு லேலண்ட் மோட்டார்ஸ் ஆனது. அசோக் லேலண்ட் என்னும் பெயரில் உள்ள லேலண்ட் இந்தச் சிற்றூரின் பெயரே ஆகும்.

1904-ஆம் ஆண்டு ஆணை ஒன்று சுமை இல்லாத நிலையில் ஐந்து டன் வரை எடையுள்ள ஊர்திகளை அனுமதித்தது. இதன் பின்னர் ஐந்து டன் சுமக்கும் நீராவிச் சரக்குந்துகள் பெருகின. செசயர் மாவட்டத்தின் ஃபோடன், சுரூஸ்பரி நகரின் சென்டினல் ஆகியன இவற்றைத் தயாரித்த நிறுவனங்களுள் பெயர் பெற்றவை. ஐந்து டன் சரக்குந்து ஒன்று ஒரே நடையில் 40 மூட்டை மாவைக் கொண்டு சென்றது.

நீராவிச் சரக்குந்தை ஓட்ட ஓட்டுநரோடு தீ மூட்டுபவர் ஒருவரும் தேவைப்பட்டார். வழியில் பல இடங்களில் தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது. காலையில் புறப்படுமுன் கொதிகலனைச் சூடேற்ற நேரம் பிடித்தது. இருப்பினும் நிலக்கரி மலிவாக இருந்ததால் 1920-கள் வரை இவை பெருஞ்சுமைக்கு ஏற்றவையாகக் கருதப்பட்டன.

1930-களில் ஊர்தியின் எடையைக் கொண்டு விதிக்கப்பட்ட வரி, கனமான நீராவி ஊர்திகளுக்குப் பாதகமாக அமைந்தது. அதே வேளையில் கார்ட்னர் போன்ற நிறுவனங்களின் நம்பகமான டீசல் பொறிகள் வெளிவந்தன. ஃபோடன் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் ரிச்சர்டு ஃபோடன் டீசல் சரக்குந்துகளில் நம்பிக்கை வைத்துத் தனியே பிரிந்து, 1933-இல் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்ட ஈ.ஆர்.எஃப் நிறுவனத்தைத் தொடங்கினார்.

1950-களுக்குப் பின்னர் மாவை மூட்டையாக அன்றித் தொட்டி ஊர்திகளில் மொத்தமாகக் கொண்டு சென்று காற்றழுத்தத்தால் இறக்கும் முறை பரவியது. இதனால் மூட்டை ஏற்றும் தட்டையான சரக்குந்துகள் மாவு ஆலைகளிலிருந்து படிப்படியாக மறைந்தன.

எண்ணூரும் கோமெட்டும்

லேலண்ட் நிறுவனம் தன் சரக்குந்துகள் பலவற்றிற்கு விலங்குகளின் பெயர்களைச் சூட்டியது. பீவர் (நீர்நாய் போன்ற கொறிவிலங்கு), ஹிப்போ (நீர்யானை), எட்டுச் சக்கரங்கள் கொண்ட ஆக்டோபஸ் (எண்காலி) ஆகியன அவற்றுட் சில. 1947-இல் வெளிவந்த நடுத்தரச் சரக்குந்துக்கு மட்டும் வால்வெள்ளி என்று பொருள்படும் கோமெட் என்னும் பெயர் இடப்பட்டது. போருக்குப் பின்னர் அயல்நாட்டுச் செலாவணி தேவைப்பட்ட பிரித்தானியா ஏற்றுமதியை ஊக்குவித்த காலம் அது. கோமெட் ஏற்றுமதியை மனத்திற் கொண்டு உருவாக்கப்பட்டது.

1948-இல் ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தை நிறுவினார். எண்ணூரில் அமைந்த இதன் தொழிற்சாலையில் முதலில் ஆஸ்டின் கார்கள் பொருத்தப்பட்டன. 1950-இல் லேலண்ட் நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டு, அடுத்த ஆண்டு முதல் கோமெட் அடிச்சட்டங்கள் இங்கு பொருத்தப்பட்டன. 1954-இல் ஆண்டுக்கு 1,000 கோமெட் ஊர்திகளைப் படிப்படியாக உள்நாட்டுப் பாகங்களைக் கொண்டு தயாரிக்க அரசு உரிமம் வழங்கியது. 1955-இல் லேலண்ட் நிறுவனம் பங்குதாரர் ஆனபோது நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் என மாறியது. கோமெட் என்ற பெயர் பிரித்தானியாவில் மறைந்த பின்னரும் இந்தியச் சாலைகளில் பல்லாண்டுகள் நீடித்தது.

பெருங்களத்தூர்த் தொழிற்சாலை

தாம்பரத்திற்கும் வண்டலூருக்கும் இடையில், பெருந்தெற்குச் சாலை எனப்படும் ஜி.எஸ்.டி. சாலையின் மீது பெருங்களத்தூர் அமைந்துள்ளது. சென்னையிலிருந்து தென் மாவட்டங்களுக்குச் செல்லும் முதன்மைச் சாலையும் தொடர்வண்டிப் பாதையும் இங்கு அடுத்தடுத்துச் செல்கின்றன. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியதால் இப்பகுதி நகருடன் நெருங்கியது. சாலை, தொடர்வண்டி, பரந்த நிலம் ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைத்த இடம் இது.

இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1903-இல் ரெஜினால்டு மாட்ஸ்லே தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனமும், சென்னையின் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் இணைந்து 1948-இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்தை உருவாக்கின. பெருங்களத்தூர்த் தொழிற்சாலையில் முதலில் வேன்கார்டு கார்கள் பொருத்தப்பட்டன.

1953-இல் இந்திய அரசு தானுந்துக் கொள்கையைக் கடுமையாக்கியது. உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வந்த பாகங்களை வெறுமனே பொருத்தி விற்கும் நிறுவனங்கள் தொடர இயலாது என்ற நிலை ஏற்பட்டது. இந்தியாவில் நெடுங்காலம் கார்களையும் சரக்குந்துகளையும் பொருத்தி விற்று வந்த ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் இதனையடுத்து வெளியேறின. எண்ணூர், பெருங்களத்தூர் ஆகிய இரு தொழிற்சாலைகளும் உற்பத்தித் திட்டத்தை ஏற்றுத் தொடர்ந்தன. இந்திய வாங்குவோர் பல்லாண்டுகள் பிரித்தானிய வடிவமைப்புகளையே பயன்படுத்த நேர்ந்ததற்கு இக்கொள்கையும் ஒரு காரணமாகும்.

பெருங்களத்தூரில் பின்னர் ஸ்டாண்டர்டு 10, பென்னன்ட், ஹெரால்டு, கெசல் முதலிய கார்கள் தயாரிக்கப்பட்டன. பிரித்தானியாவில் டிரையம்ப் என்ற பெயரில் விற்ற ஹெரால்டு, இந்தியாவில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு எனப்பட்டது. ஸ்டாண்டர்டு என்னும் வணிகப் பெயர் பிரித்தானியாவில் 1963-இல் கைவிடப்பட்ட பின்னரும் பெருங்களத்தூரில் தொடர்ந்தது.

ஸ்டாண்டர்டு 20

ஸ்டாண்டர்டு 20 என்பதன் மூலம் ஸ்டாண்டர்டு அட்லஸ் என்னும் ஊர்தி ஆகும். இது 1958-இல் பிரித்தானியாவில் கடைச் சரக்குகளைக் கொண்டு செல்வதற்கான சிறு சரக்குந்தாக வெளியிடப்பட்டது. ஓட்டுநர் அறை முன் சக்கரங்களின் மேல் அமைய, பொறி ஓட்டுநர் இருக்கைக்கும் உடன் செல்பவர் இருக்கைக்கும் இடையில் வைக்கப்பட்டது. முன்புறம் நீளும் மூக்கு இல்லாததால் குறைந்த நீளத்தில் மிகுந்த சரக்கு இடம் கிடைத்தது. நெருக்கமான தெருக்களில் திருப்புவதும் எளிதாக இருந்தது.

அட்லஸில் முதலில் ஸ்டாண்டர்டு 10 காரின் 948 கன செ.மீ. பொறி பொருத்தப்பட்டது. சுமை ஏற்றிய நிலையில் இது போதிய ஆற்றல் தரவில்லை. 1961-இல் 1670 கன செ.மீ. பொறியுடன் அட்லஸ் மேஜர் வெளிவந்தது. ஸ்டாண்டர்டு என்னும் பெயர் கைவிடப்பட்டபோது இவ்வூர்தி லேலண்ட் 15, லேலண்ட் 20 எனப் பெயர் மாறியது.

இப்பெயர்களில் உள்ள எண்கள் சுமையின் அளவைக் குறிப்பன. பிரித்தானிய அளவை முறையில் ஓர் அந்தர் என்பது 112 இறாத்தல் ஆகும். இருபது அந்தர் ஒரு டன், அதாவது ஏறத்தாழ 1,016 கிலோகிராம். எனவே ஸ்டாண்டர்டு 20 என்பது ஒரு டன் சுமக்கும் வகுப்பைச் சேர்ந்த சரக்குந்து ஆகும். பழைய பிரித்தானிய மாவு ஆலைக் கணக்கில் இது சரியாக எட்டு மூட்டை ஆகும்.

பிரித்தானியாவில் இதன் உற்பத்தி 1968-இல் நின்றது. தகடுகளை அழுத்தி உருவாக்கும் அச்சுகளும் பிற கருவிகளும் பெருங்களத்தூருக்கு அனுப்பப்பட்டன. இங்கு சிறு மாற்றங்களுடன் ஸ்டாண்டர்டு 20 என்ற பெயரில் 1980-கள் வரை இது விற்பனையில் இருந்தது. பெட்ரோல், டீசல் ஆகிய இரு வகைப் பொறிகளுடனும் கிடைத்தது.

பொதுத் தாய் நிறுவனம்

எண்ணூர்த் தொழிற்சாலையும் பெருங்களத்தூர்த் தொழிற்சாலையும் சென்னையின் எதிரெதிர் முனைகளில் தனித்தனி நிறுவனங்களாக இயங்கின. ஆனால் பிரித்தானியாவில் லேலண்ட் நிறுவனம் 1961-இல் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்தை வாங்கியது. இதனால் இரு தொழிற்சாலைகளின் வடிவமைப்புகளும் ஒரே தாய் நிறுவனத்தைச் சேர்ந்தவை ஆயின. 1968-இல் அத்தாய் நிறுவனம் பிரித்தானிய லேலண்ட் என்னும் பெரிய குழுமத்தின் பகுதியானது.

தமிழ்நாட்டில் மாவுப் போக்குவரத்து

தமிழ்நாட்டில் மாவு ஆலை என்னும் சொல் இரு வேறு தொழில்களைக் குறிக்கிறது. தெருக்களில் உள்ள மாவு மில்லில் வீட்டார் தாமே தானியத்தைக் கொண்டு வந்து அரைத்துச் செல்வர். இதற்குச் சரக்குந்து தேவையில்லை. உருளை மாவு ஆலைகளோ கோதுமையைப் பெருமளவில் வாங்கி மைதா, ரவை, ஆட்டா, தவிடு எனப் பிரித்து மொத்தமாக விற்பவை. பிரித்தானிய ஆலைகளுக்கு இணையானவை இவையே.

அரிசியே முதன்மை உணவாக இருந்த தமிழ்நாட்டில் கோதுமையின் பயன்பாடு இரண்டாம் உலகப் போரின் பின்னர் கூடியது. 1942-இல் பர்மா சப்பானியர் வசமானதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. 1956-இல் அமெரிக்காவுடன் ஏற்பட்ட பி.எல்.480 உடன்பாட்டின்படி பெருமளவு கோதுமை இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தது. 1965-இல் இந்திய உணவுக் கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. மைதாவைக் கொண்டு செய்யப்படும் பரோட்டாவும் அடுமனைப் பண்டங்களும் பரவிய பின்னர் மாவு மூட்டை மளிகைக் கடைகளின் வழக்கமான சரக்கானது.

சென்னை மொத்த வணிகத்தில் மைதா நெடுங்காலம் 90 கிலோ மூட்டையாகவே விலை குறிக்கப்பட்டது. இக்கணக்கில் ஸ்டாண்டர்டு 20 போன்ற ஒரு டன் ஊர்தி பதினொரு மூட்டைகளை ஏற்றலாம். ஆலையிலிருந்து மொத்தக் கடைக்குப் பெரிய லாரியும், மொத்தக் கடையிலிருந்து சில்லறைக் கடைக்குச் சிறிய ஊர்தியும் ஏற்றவை. ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடி, கோவிந்தப்ப நாயக்கன் தெரு ஆகிய மளிகை மொத்த வணிகப் பகுதிகளிலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வரை உள்ள கடைகளுக்குச் சரக்கு கொண்டு செல்ல மாட்டு வண்டி மெதுவானது. பெரிய லாரியோ குறுகிய கடைத்தெருக்களில் நுழைய இயலாதது. இந்த இடைவெளியை நிரப்பியது ஒரு டன் வகுப்பு ஆகும்.

உரிமை முறையில் இரு நாடுகளுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பிரித்தானியாவின் பெரிய மாவு ஆலைகள் சொந்தமாகச் சரக்குந்துகளை வைத்திருந்தன. அவற்றின் பக்கங்களில் ஆலையின் பெயரும் மாவின் பெயரும் அழகிய எழுத்துகளில் தீட்டப்பட்டன. ஊர்தியே விளம்பரப் பலகையாகவும் பயன்பட்டது. இந்தியாவில் சரக்குப் போக்குவரத்து பெரும்பாலும் ஓரிரு லாரிகளை வைத்திருக்கும் உரிமையாளர்களிடமும் வாடகை லாரி நிறுவனங்களிடமும் இருந்தது. இன்று மாவு ஏற்றும் லாரி நாளை சிமெண்ட் ஏற்றும். அதன் நெற்றியில் இருப்பது ஆலையின் பெயர் அன்று. குலதெய்வத்தின் பெயரோ, பிள்ளைகளின் பெயரோ, போக்குவரத்து நிறுவனத்தின் பெயரோ ஆகும்.

மேலும், இந்தியப் பெரிய லாரிகள் நெடுங்காலம் அடிச்சட்டமாக மட்டுமே விற்கப்பட்டன. கூடு கட்டும் வேலை நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி முதலிய ஊர்களின் பட்டறைகளில் நடைபெற்றது. மரமும் தகடும் கொண்டு கட்டப்பட்ட கூடு பழுதானால் மாற்றப்படும். பொறி தேய்ந்தால் வேறு பொறி பொருத்தப்படும். இருபது ஆண்டுகள் ஓடிய லாரியில் தொழிற்சாலையிலிருந்து வந்த பாகங்கள் சிலவே எஞ்சியிருக்கும்.

வீழ்ச்சி

எண்ணூர், பெருங்களத்தூர் ஆகிய இரு நிறுவனங்களும் வேறுபட்ட முடிவுகளை அடைந்தன. அசோக் லேலண்ட் டீசல் பொறி கொண்ட கனரக ஊர்திகளில் கவனம் செலுத்தியது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் அதன் பேருந்து அடிச்சட்டங்களைத் தொடர்ந்து வாங்கின. 1980-இல் ஓசூரில் புதிய தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1987-இல் பிரித்தானிய நிறுவனத்தின் பங்குகள் இந்துஜா குழுமம், இவெகோ ஆகியவற்றின் கைக்கு மாறின. பிரித்தானியாவில் லேலண்ட் நிறுவனத்தின் சரக்குந்துப் பிரிவு அதே ஆண்டில் டாஃப் நிறுவனத்துடன் இணைந்து, 1993-இல் நொடிந்து, 1998 முதல் அமெரிக்காவின் பேக்கார் குழுமத்திடம் உள்ளது. லேலண்ட் என்னும் பெயரில் இன்று சரக்குந்து விற்கும் பெரிய நிறுவனம் சென்னையில் தலைமையகம் கொண்டதாகும்.

பெருங்களத்தூரின் நிலை வேறு. சிறு சரக்குந்துச் சந்தையில் மெட்டடோர் வலுவான போட்டியாக அமைந்தது. 1980-களின் நடுப்பகுதியில் டி.சி.எம்.-டொயோட்டா, ஆல்வின்-நிசான், சுவராஜ்-மஸ்தா, ஐச்சர்-மிட்சுபிசி ஆகிய நான்கு சப்பானியக் கூட்டு நிறுவனங்கள் இந்தியச் சந்தையில் நுழைந்தன. 1986-இல் டாட்டா 407 வெளிவந்தது. 1958-இல் வடிவமைக்கப்பட்ட ஓர் ஊர்தி இவற்றோடு போட்டியிடுவது அரிதாயிற்று.

நிறுவனம் 1985-இல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000 என்னும் கார் ரோவர் எஸ்.டி.1 காரின் கூட்டையும் பழைய வேன்கார்டு வழிவந்த பொறியையும் கொண்டிருந்தது. விலை மிகுதியாலும் எரிபொருள் செலவாலும் இது வெற்றி பெறவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. தாம்பரம், வண்டலூர்ப் பகுதித் தொழிலாளர்கள் பலருக்கு வாழ்வளித்த தொழிற்சாலை மூடப்பட்டது. நெடிய சட்ட நடவடிக்கைகளுக்குப் பின்னர் 2000-களின் நடுப்பகுதியில் அதன் சொத்துகள் விற்கப்பட்டன. தொழிற்சாலை இருந்த நிலத்தில் பின்னர் தகவல் தொழில்நுட்ப வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தன.

தொழிற்சாலையில் எஞ்சியிருந்த உதிரிப் பாகங்களை இங்கிலாந்தைச் சேர்ந்த ரிம்மர் பிரதர்ஸ் என்னும் பழைய கார் உதிரி வணிக நிறுவனம் வாங்கியது குறிப்பிடத்தக்கது. பிரித்தானியாவிலிருந்து அச்சுகளைப் பெற்ற பெருங்களத்தூர், இறுதியில் பிரித்தானியப் பழைய கார்களை ஓடச் செய்யும் பாகங்களை அந்நாட்டிற்குத் திருப்பி அளித்தது.

பேணலும் சட்டமும்

பிரித்தானியாவில் பழைய வணிக ஊர்திகளுக்கான சங்கம் 1958-இல் தோன்றியது. 1962 முதல் இலண்டனிலிருந்து பிரைட்டன் வரை பழைய சரக்குந்துகளின் ஓட்டம் நடத்தப்பட்டு வருகிறது. 1983-இல் லேலண்ட் ஊரிலேயே பிரித்தானிய வணிக ஊர்தி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நீராவிச் சரக்குந்து முதல் டீசல் சரக்குந்து வரை அங்கு காணலாம். மாவு ஆலைகள், மதுபான ஆலைகள், ரொட்டி நிறுவனங்கள் ஆகியவற்றின் ஊர்திகள் ஆர்வலர்களைப் பெரிதும் ஈர்க்கின்றன. கதவில் தீட்டப்பட்ட பெயர் அந்த ஊர்தியை ஓர் ஊரின் வரலாற்றோடு இணைப்பதே இதற்குக் காரணம்.

இந்தியாவில் பழைய கார்களுக்கும் இரு சக்கர ஊர்திகளுக்கும் ஆர்வலர் கூட்டம் உண்டு. சென்னையில் பழங்கார் அணிவகுப்புகள் நடைபெறுகின்றன. கோயம்புத்தூரில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் 2015-இல் திறக்கப்பட்டது. சரக்குந்துகளுக்கு இந்த வாய்ப்பு மிகக் குறைவு. அதற்குச் சட்டமும் ஒரு காரணமாகும். 2021 சூலையில் நடுவண் அரசு பழம்பெரும் ஊர்திகளுக்கான தனிப் பதிவு முறையை அறிவித்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரு சக்கர ஊர்திகளும், வணிகப் பயன்பாட்டில் இல்லாத சொந்த உபயோக நான்கு சக்கர ஊர்திகளுமே இதன் கீழ் வருகின்றன. வாழ்நாள் முழுவதும் சரக்கு ஏற்றிய லாரி இந்த வரையறைக்குள் அடங்காது. மூல வடிவம் மாறாதிருக்க வேண்டும் என்ற விதியும், கூடும் பொறியும் பலமுறை மாற்றப்பட்ட இந்திய லாரிகளுக்குப் பொருந்துவது கடினம்.

இதன் விளைவாக, ஹெரால்டு, கெசல் போன்ற பெருங்களத்தூர்க் கார்கள் ஆர்வலர்களால் பேணப்படும் அளவுக்கு அதே தொழிற்சாலையின் சரக்குந்துகள் பேணப்படவில்லை. எஞ்சியுள்ளவற்றைப் பாதுகாக்க விரும்புவோர் அவற்றைச் சாலையில் ஓட்டும் உரிமம் இன்றிக் காட்சிப் பொருளாகவே வைத்திருக்க நேரிடும்.

இன்றைய நிலை

ஒரு டன் வகுப்பின் தேவை தென்சென்னையில் குறையவில்லை. 2011-இல் அசோக் லேலண்ட் நிறுவனம் நிசான் நிறுவனத்துடன் இணைந்து தோஸ்த் என்னும் சிறு சரக்குந்தை வெளியிட்டது. ஜி.எஸ்.டி. சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் மளிகைச் சரக்கை இன்று தோஸ்த், குட்டியானை போன்ற ஊர்திகள் கொண்டு செல்கின்றன. பெருங்களத்தூர் பேரூராட்சி 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியில் இணைக்கப்பட்டது.